பெட்டிக்குள் இருந்த டாங்கி

சரித்திரம் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் மாத்திரமே தங்கியிருப்பதன்று. சிற்சில சமயம் அது விளையாட்டுப் பெட்டி ஒன்றினுள்ளும் உறங்கிக் கிடக்கும். திருவனந்தபுரத்தில், கரமனையில் நான் குடியிருக்கும் வீட்டின் பரணில் அத்தகைய பெட்டி ஒன்று நெடுநாள் இருந்தது. ஷெர்மன் டாங்கியின் பிளாஸ்டிக் உருமாதிரியைத் துண்டு துண்டாக அடக்கிய பெட்டி அது. சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் என் தந்தையாருக்கு அளித்தது. ஆவடியில் மெய்யான டாங்கிகளைச் செய்வதில் உழைத்த அவர், “நீ வளர்ந்ததும் இருவரும் சேர்ந்து ஒட்டுவோம்” என்பார். அவர் காலமான பின்னரே நான் அதைத் திறந்தேன்.

டாங்கி முதன்முதல் போர்க்களம் புகுந்தது 1916 செப்டம்பர் 15 அன்று, பிரான்சு நாட்டின் சோம் நதிப் பகுதியில். இரகசியம் வெளியாகாதிருக்கும் பொருட்டுத் ‘தண்ணீர்த் தொட்டி’ என்று சொல்லியே அதைச் செய்தனர். அந்த ஆங்கிலப் பெயரே நிலைத்துவிட்டது. பிளாஸ்டிக் உருமாதிரிகளோ 1936இல், இங்கிலாந்தில் ‘ஃபிராக்’ என்னும் பெயரில் வந்த விமானங்களோடு தொடங்கின. 1961இல் ‘ஏர்ஃபிக்ஸ்’ நிறுவனத்தார் ஷெர்மன் டாங்கியை 76இல் ஒரு பங்கு அளவில் வெளியிட்டனர். ஏறத்தாழ 19 அடி நீள வாகனம் 3 அங்குலமாகச் சுருங்கியது.

அதே 1961இல்தான் நம் நாட்டிலேயே டாங்கி செய்வதற்கு விக்கர்ஸ் நிறுவனத்தாரோடு உடன்படிக்கை ஏற்பட்டது. அது கைகூடுமுன் போர் வந்தது. 1965 செப்டம்பரில் அசல் உத்தர் களத்தில், தக்காணக் குதிரைப் படையின் பழைய ஷெர்மன்கள் புதிய பாட்டன் டாங்கிகளை எதிர்த்து நின்றன. அவ்வாண்டு டிசம்பரில் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து முதல் ‘விஜயந்தா’ புறப்பட்டது. அது 105 மில்லிமீட்டர் பீரங்கி பூண்டது.

பழைய பெட்டி பொறுமையைச் சோதிப்பது. சட்டத்தோடு கூடிய துண்டுகளை வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசினேன். அச்சின் எண்ணெய்ப் பசை நீங்காவிடில் வண்ணம் பற்றாது. பசை பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்கியே ஒட்டுவது. ஒரு துளி மிகுந்தாலும் வடு நிற்கும். பீரங்கிக் கோபுரத்தில் அவ்வடு விழுந்தது. சங்கிலிப் பட்டைகளின் முனைகளைச் சூடேற்றிய திருப்புளியால் அழுத்தி இணைத்தேன். அவை வளையும்தோறும் வண்ணம் உதிர்ந்தது. வெளியே இடவப்பாதி மழை. பூசிய பச்சை மூன்று நாளாகியும் காயவில்லை.

பெட்டியிலிருந்த அயல்நாட்டுப் படைச் சின்னங்கள் மஞ்சளித்துப் பொடிந்திருந்தன. அவற்றுக்கு ஈடு தேட முற்பட்டுப் பின் விட்டுவிட்டேன். அசல் உத்தரில் நின்ற ஷெர்மன்களை எண்ணி, பச்சையின் மீது பஞ்சாபின் புழுதி நிறத்தை மெல்லத் தடவினேன். மெய்யான ஷெர்மனுக்குள் ஐவர் இருப்பர். அவர்க்குப் பின்னால், பெயர் வெளிப்படாத பட்டறைத் தொழிலாளர் எத்தனையோ பேர். மாதிரியின் உள்ளே வெறும் வெற்றிடமே உண்டு.

விஜயந்தாக்கள் இன்று பணி ஓய்ந்து, நாட்டின் பல ஊர்களில் நினைவுச் சின்னங்களாக நிற்கின்றன. பிற மாநிலங்களில் வாழும் அன்பர்களே, அத்தகைய ஒன்றைக் காண நேரின் சற்றே நில்லுங்கள். வென்றவரை நினைக்கும்போது, ஆவடியில் திருகாணி முடுக்கிய கைகளையும் நினையுங்கள். அக்கைகளுள் ஒன்றைப் பற்றிக்கொண்டு நடைபயின்றவன் நான்.