ஜமீன் வீட்டில் பிறந்து மில் தொழிலாளர்களுக்காக டெல்லி போன பார்வதி கிருஷ்ணன்

அன்னூர்: கோவை பாராளுமன்றத் தொகுதியில் கம்யூனிஸ்டுகள் இதுவரை 8 முறை ஜெயித்திருக்கிறார்கள். அதில் 3 வெற்றி ஒரே ஒரு பெண்ணுக்குச் சொந்தம். அவர்தான் பார்வதி கிருஷ்ணன். அன்னூர், கோவில்பாளையம் பக்கம் இருந்து கோவை மில்களுக்கு ஷிப்ட் வேலைக்குப் போய் வந்த குடும்பங்களில் பெரியவங்களைக் கேட்டால், இந்தப் பெயரைச் சொல்வார்கள். இளசுகளுக்கு அவ்வளவாகத் தெரியாது. அவரைப் பற்றிய விவரம் இதோ:

பெரிய இடத்துப் பிள்ளை

1919 மார்ச் 15-ந்தேதி பிறந்தவர். அப்பா டாக்டர் பி.சுப்பராயன், திருச்செங்கோடு பக்கம் உள்ள குமாரமங்கலம் ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர். அம்மா ராதாபாய், 1930-ல் லண்டனில் நடந்த வட்டமேஜை மாநாட்டுக்குப் போனவர். அண்ணன்களில் ஒருவர் பி.பி.குமாரமங்கலம், 1960-களின் பிற்பகுதியில் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி ஆனார். இன்னொருவர் மோகன் குமாரமங்கலம், வக்கீல், அரசியல்வாதி.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பார்வதி இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார். மோகன் படித்தது கேம்பிரிட்ஜில். ரெண்டு பேரும் ஊர் திரும்பும்போது கம்யூனிஸ்டுகளாகத் திரும்பினார்கள். 1942-ல் கட்சித் தோழர் என்.கே.கிருஷ்ணனை பார்வதி திருமணம் செய்து கொண்டார்.

சுதந்திரம் வந்த சமயத்தில் ஓமந்தூரார் மந்திரிசபையில் போலீஸ் இலாகா சுப்பராயன் கையில் இருந்தது. கம்யூனிஸ்டுகளைப் போலீஸ் தேடிப் பிடித்த காலம் அது. பிள்ளைகள் கம்யூனிஸ்ட், அப்பா போலீஸ் மந்திரி!

கோவையில் கொதிப்பு

அந்தக் காலத்து கோவை, மில்களின் ஊர். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பஞ்சாலைகள் வரிசையாக முளைத்தன. கூலி, வேலை நேரம், சங்கம் வைக்கும் உரிமை என எல்லாவற்றுக்கும் சண்டை போட வேண்டியிருந்தது. ரங்கவிலாஸ் மில் தகராறில் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய 4 தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8-ந்தேதி கோவை ஜெயிலில் தூக்கிலிடப்பட்டார்கள். இவர்களைத்தான் சின்னியம்பாளையம் தியாகிகள் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இந்த மண்ணில்தான் ஏ.ஐ.டி.யு.சி. சங்க வேலையில் பார்வதி கிருஷ்ணன் இறங்கினார்.

அப்பா ஆளுங்கட்சி, மகள் எதிர்க்கட்சி

1954-ல் ராஜ்யசபா எம்.பி. ஆனார். 1957 பொதுத்தேர்தலில் கோவையில் நின்று லோக்சபாவுக்குப் போனார். அதே தேர்தலில் திருச்செங்கோட்டில் காங்கிரஸ் சார்பில் ஜெயித்தவர் சுப்பராயன். 1959-ல் அவர் நேரு மந்திரிசபையில் போக்குவரத்து, தகவல் தொடர்பு மந்திரி ஆனார். அப்பா மந்திரி வரிசையில், மகள் எதிர்வரிசையில்! இது சினிமாக் கதை இல்லை, நிஜமாகவே நடந்தது.

1962 தேர்தலில் காங்கிரசின் பி.ஆர்.ராமகிருஷ்ணனிடம் தோற்றார். 1964-ல் கட்சி ரெண்டாக உடைந்தது. பார்வதி இந்திய கம்யூனிஸ்ட் கட்சியிலேயே இருந்துவிட்டார். மார்க்சிஸ்ட் கட்சியின் கே.ரமணி 1967-ல் கோவையைப் பிடித்தார். 1971-ல் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் கே.பாலதண்டாயுதம் ஜெயித்தார்.

அண்ணன் மோகனோ கட்சியை விட்டு விலகி காங்கிரசுக்குப் போய்விட்டார். 1971-ல் இந்திரா காந்தி மந்திரிசபையில் உருக்கு, சுரங்க மந்திரி ஆனார். நிலக்கரிச் சுரங்கங்களை அரசுடைமை ஆக்கியது அவர் காலத்தில்தான்.

ஒரே விமானத்தில் ரெண்டு சாவு

1973 மே 31. சென்னையில் இருந்து டெல்லி போன இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் பாலம் விமான நிலையம் அருகே விழுந்து நொறுங்கியது. இருந்த 65 பேரில் 48 பேர் பலி. அதில் மத்திய மந்திரி மோகன் குமாரமங்கலமும் ஒருவர். கோவை எம்.பி. பாலதண்டாயுதமும் ஒருவர்.

பார்வதிக்கு ஒரே நாளில் கூடப்பிறந்தவரும் போனார், கூட வேலை செய்த தோழரும் போனார். காலியான கோவை தொகுதிக்கு 1974-ல் இடைத்தேர்தல் வந்தது. வேட்பாளராக நின்றது அதே பார்வதி. எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி ரெண்டு வருஷம்கூட ஆகாத நேரம். அ.தி.மு.க. ஆதரவோடு நின்று ஜெயித்தார்.

மில்லும் போனசும்

அதே 1974-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. நாடு முழுக்க நலிந்து கிடந்த 103 பஞ்சாலைகள் அரசுடைமை ஆயின. அவை தேசிய பஞ்சாலைக் கழகத்தின் (என்.டி.சி.) கைக்கு வந்தன. கோவையிலும் பல மில்கள் என்.டி.சி. மில் ஆயின. 4 தொழிலாளர்களின் உயிரைக் குடித்த தகராறு நடந்த ரங்கவிலாசும் அதில் ஒன்று.

அடுத்த வருஷமே எமர்ஜென்சி வந்தது. இந்திய கம்யூனிஸ்ட் கட்சி அதை ஆதரித்தது. ஆனால் 1975-ல் குறைந்தபட்ச போனசை 8.33 சதவீதத்தில் இருந்து 4 சதவீதமாக அரசு வெட்டியது. வருஷம் பூரா உழைத்து தீபாவளிக்குக் காத்திருந்தவன் வயிற்றில் அடி! ஒரு பக்கம் கட்சி ஆதரிக்கிற அரசு, இன்னொரு பக்கம் போனஸ் கேட்கிற தொழிலாளி. நடுவில் சங்கத் தலைவர்கள் பாடு திண்டாட்டம் ஆனது. 8.33 சதவீதம் திரும்பக் கிடைத்தது, 1977-ல் ஆட்சி மாறிய பிறகுதான்.

எமர்ஜென்சி முடிந்து 1977-ல் நடந்த தேர்தலில் வடக்கே காங்கிரஸ் கூண்டோடு சாய்ந்தது. தமிழ்நாட்டில் அ.தி.மு.க., காங்கிரஸ், இந்திய கம்யூனிஸ்ட் ஒரே அணி. கோவை மறுபடியும் பார்வதிக்கே கிடைத்தது. 1980-ல் தொகுதி தி.மு.க.வின் இரா.மோகன் கைக்குப் போனது.

அப்பாவும் அண்ணனும் மந்திரி. பார்வதி கடைசி வரை எந்த மந்திரி பதவியும் வகிக்கவில்லை. 2014 பிப்ரவரி 20-ந்தேதி கோவையில் காலமானார். வயது 94.

இன்னும் தீராத கேள்வி

1974-ல் அரசு எடுத்த மில்கள் கதை அத்தோடு முடியவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்குக்காக கோவை என்.டி.சி. மில்களில் மெஷின் நின்றது. ஊரடங்கு முடிந்தும் மில் ஓடவில்லை. மில்லைத் திற, சம்பள பாக்கியைக் கொடு என்று தொழிலாளர்கள் வருஷக்கணக்கில் போராட வேண்டி வந்தது. தனியார் கையில் இருந்தால் மூடிவிடுவார்கள் என்றுதான் அரசு எடுத்தது. அரசே நிறுத்தினால் யாரிடம் போவது?

கோவையில் ஜெயித்த கம்யூனிஸ்டுகள்

1957: பார்வதி கிருஷ்ணன் (இந்திய கம்யூ.)
1967: கே.ரமணி (மார்க்சிஸ்ட்)
1971: கே.பாலதண்டாயுதம் (இந்திய கம்யூ.)
1974 இடைத்தேர்தல்: பார்வதி கிருஷ்ணன் (இந்திய கம்யூ.)
1977: பார்வதி கிருஷ்ணன் (இந்திய கம்யூ.)
2004: கே.சுப்பராயன் (இந்திய கம்யூ.)
2009: பி.ஆர்.நடராஜன் (மார்க்சிஸ்ட்)
2019: பி.ஆர்.நடராஜன் (மார்க்சிஸ்ட்)

2024 தேர்தலில் கோவையில் தி.மு.க.வே நின்றது. முன்னாள் மேயர் கணபதி ராஜ்குமார் எம்.பி. ஆனார். அன்னூர் மக்கள் ஓட்டுப் போடுவது கோவைக்கு அல்ல. அவினாசி சட்டசபைத் தொகுதியில் இருப்பதால் அவர்கள் ஓட்டு நீலகிரி எம்.பி. தொகுதிக்குப் போகிறது.