எஃப்.ஐ.ஆர். போடாத சிங்கம்

ஒரு போலீஸ் படம் வெளிவந்தால் அதைப்பற்றி யார் யாரெல்லாமோ அபிப்பிராயம் சொல்கிறார்கள். பத்திரிகைக்காரர் மார்க் போடுகிறார். விநியோகஸ்தர் வசூல் கணக்குச் சொல்கிறார். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வந்து, நிஜப் போலீஸ் இதைவிட வீரமானது என்று பேட்டி கொடுக்கிறார். சேரியிலிருந்து நடந்துபோய், வரிசையில் நின்று டிக்கட் எடுத்துப் பார்த்தவன் என்ன சொன்னான் என்பது மட்டும் எந்தச் சினிமா வரலாற்றிலும் ஏறவில்லை. விசிலடித்தான் என்று ஒரே வார்த்தையில் அவன் கதையை முடித்துவிடுகிறார்கள். நம்முடைய அறிவுஜீவிகள் இன்னும் ஒரு படி மேலே போய், அவன் பொதுப்புத்தியில் மயங்கிக் கிடக்கிறான் என்று தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள். அந்த விசிலுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது என்பது என் கட்சி.

நான் எடுத்துக்கொள்வது 'சிங்கம்' படத்தை. 2010 மே மாதம் வந்தது. ஹரி இயக்கி, சூர்யா நடித்த படம். தூத்துக்குடிப் பக்கம் நல்லூர் என்ற ஊரின் சப்-இன்ஸ்பெக்டர் துரைசிங்கம்தான் கதாநாயகன். அடுத்த வருசமே அஜய் தேவ்கனை வைத்து இந்தியில் எடுத்தார்கள்; அங்கேயும் சக்கைப்போடு போட்டது. ஹரி எடுத்த போலீஸ் படங்கள் மொத்தம் ஐந்து. 2003இல் 'சாமி', 2010இல் 'சிங்கம்', 2013இல் அதன் இரண்டாம் பாகம், 2017இல் மூன்றாவது, 2018இல் 'சாமி ஸ்கொயர்'. 'சாமி'யும் 'சாமி ஸ்கொயர்'உம் திருநெல்வேலிக் கதை. 'சிங்கம்' கிளம்புவது தூத்துக்குடி மண்ணிலிருந்து. ஹரியும் தென்மாவட்டத்துக்காரர்தான். ஆக இந்தப் படங்கள் நம்முடைய மண்ணில், நம்முடைய ஆறு குளம் ரோட்டில் நடக்கிற கதைகள். அதே மண்ணில் போலீஸ் என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

1995 ஆகஸ்ட் 31. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள கொடியங்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள் பட்டப்பகலில் புகுந்தார்கள். தேடுதல் வேட்டை என்று பேர். வெளிநாட்டுக்குப் போய் உழைத்து நாலு காசு சேர்த்துக் காரைவீடு கட்டியிருந்த சனங்கள் அவர்கள். டிவியை உடைத்தார்கள். ஃபேனை உடைத்தார்கள். தையல் மெஷினை உடைத்தார்கள். தானியத்தைப் பாழாக்கினார்கள். பாஸ்போர்ட்டையும் பிள்ளைகளின் படிப்புச் சர்ட்டிபிகேட்டையும் அழித்தார்கள். இந்தக் கடைசி விசயத்தைக் கவனிக்கவேண்டும். குற்றவாளியைத் தேடி வந்தவனுக்குச் சர்ட்டிபிகேட்டில் என்ன வேலை? பள்ளன் படித்ததும் பள்ளன் விமானம் ஏறியதும்தான் அங்கே குற்றமாக இருந்தது.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டும், கைதாகிச் சிறையிலிருந்த தோழர்களை விடச்சொல்லியும் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசை நோக்கி ஊர்வலம் வந்தார்கள். தடியடி நடந்தது. ஆற்றங்கரைக்குத் துரத்தி, தண்ணிக்குள் இறங்கியவர்களையும் விடாமல் அடித்தார்கள். 17 பேர் செத்தார்கள். அதில் ஒன்றரை வயசுக் குழந்தையும் ஒன்று. தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள் என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். தாமிரபரணிக்கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்த விளக்கம் சிரிப்பாகக்கூட வராது.

அந்த ரத்தம் காய்ந்து நாலு வருசம் ஆகவில்லை. 2003இல் அதே திருநெல்வேலியைக் காப்பாற்ற விக்ரம் டெபுடி கமிஷனராக வருகிறார். நான் போலீஸ் இல்லை, பொறுக்கி என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்கிறார். தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். எங்கள் தெரு இளவட்டங்கள் மொத்தமும் அந்தத் தியேட்டரில்தான் இருந்தது. 99இல் ஊர்வலத்துக்குப் போய் மண்டை உடைந்து வந்த ஒரு அண்ணனும் இருந்தார். அவரும்தான் விசிலடித்தார்.

இங்கேதான் நம் அறிவுஜீவி அவசரப்படுகிறார். அந்த அண்ணனிடம் பிறகு ஒருநாள் கேட்டேன். அவர் சொன்னது: "ஏல, படத்துல அடிவாங்குதவன் யாருன்னு பாத்தியா? பெரிய மனுசன். கார்ல வந்து இறங்குதவன். நம்ம ஸ்டேசன்ல அவனுக்கு நாக்காலி போட்டுக் காப்பி வாங்கிக் குடுப்பானுவ. அவன ஒருத்தன் கன்னத்துல விடுதாம்னா பாத்துக்கிட்டு சும்மாவா இருக்கச் சொல்லுத?"

'சிங்கம்' படத்துக்கும் இதே காரணம்தான். சென்னையில் பெரிய தாதாவான பிரகாஷ்ராஜ், ஜாமீன் நிபந்தனைப்படி நல்லூர் ஸ்டேசனுக்கு வந்து கையெழுத்துப் போடவேண்டும். அவன் தனக்குப் பதிலாக வேறொருத்தனை அனுப்புகிறான். துரைசிங்கம் விடவில்லை. நீயே நேரில் வா என்று வரவழைக்கிறான். படத்தில் எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்த இடம் அதுதான். அதை எந்த விமர்சகரும் எழுதி நான் பார்க்கவில்லை. எழுதவும் முடியாது, ஏனென்றால் கண்டிசன் பெயில் கையெழுத்து என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. சேரியில் அது எல்லோருக்கும் தெரியும். கோயில் கொடையில் ஒரு தகராறு, ஒரு சிலைக்குச் செருப்புமாலை, ஒரு ரோடு மறியல் என்றால் முதலில் தூக்குவது நம் பையன்களை. பெயில் கிடைத்தபிறகு தினம் காலையில் பத்து மணிக்குக் கையெழுத்து. அன்றைக்குக் கூலி போச்சு. ரைட்டர் வருகிற வரைக்கும் வேப்பமரத்தடியில் குத்தவைத்துக் காத்துக்கிடக்கவேண்டும். அதே மரத்தடிக்கு ஒரு பணக்காரன் வந்து நிற்கிறான் என்பதைப் பார்க்க எத்தனை ரூபாய் வேண்டுமானாலும் கொடுக்கலாம். படம் அதைக் காட்டியது. அதற்கு விசிலடித்தார்கள். இதிலே மயக்கம் எங்கே இருக்கிறது?

எங்கப்பா தலைமுறைக்கு 'தங்கப்பதக்கம்'. 1974இல் வந்தது. எஸ்.பி. சௌத்ரியாக சிவாஜி, கெட்டுப்போன சொந்த மகனையே சுட்டுவிடுவார். பெத்த பிள்ளைக்கே பார்க்காத ஒருத்தன் சாதிக்குப் பார்ப்பானா என்று அப்பா சொல்வார். அவருடைய ஏக்கம் அது. அந்த மாதிரி ஒரு எஸ்.பி.யை அவர் சாகும்வரை சந்திக்கவில்லை.

ஆனால் எல்லோரும் விசிலடித்தார்கள் என்று எழுதினால் அதுவும் பொய். எங்கள் பெரியம்மாவுடைய அபிப்பிராயம் வேறு. அவள் தியேட்டருக்குப் போனவள் இல்லை. டிவியில் திருப்பித் திருப்பிப் போட்டபோது வெற்றிலையை இடித்துக்கொண்டே பார்த்தவள். அவள் கேட்டது ஒரே கேள்வி. "இம்புட்டு அடி அடிக்கானே, ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டானாலே?"

அவளுக்கு அந்த மூன்று எழுத்து எப்படித் தெரியும் என்றால், பெரியப்பாவை மேலத்தெரு ஆட்கள் வரப்புத் தகராறில் சாதியைச் சொல்லி அடித்துப் பல்லை உடைத்தபோது அவள் மூன்று நாள் ஸ்டேசனுக்கு நடந்திருக்கிறாள். ஸ்டேசன் பேர் வேண்டாம். எல்லா ஸ்டேசனும் அதுதான். முதல் நாள் ஐயா இல்லை என்றார்கள். இரண்டாவது நாள் மனுவில் சாதிப்பேர் சொல்லித் திட்டியதை அடித்துவிட்டு எழுதிவரச் சொன்னார்கள். மூன்றாவது நாள் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கிழித்துக் கொடுத்து, போம்மா கூப்பிட்டு விசாரிக்கிறோம் என்றார்கள். அதற்குள் பெரியப்பா மேலேயே எதிர்ப்புகார் ஒன்று தயாராக இருந்தது. ரசீதை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகமுடியாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்று வக்கீல் சொன்ன அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த வார்த்தை படிந்தது. அப்புறம் அவள் எந்தப் போலீஸ் படத்தையும் வேறு விதமாகப் பார்க்கவில்லை.

பெரியம்மா சொன்னபிறகு நானும் கவனித்துப் பார்த்தேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அதன் விதிகள் 1995இல் வந்தன, கொடியங்குளத்தை உடைத்த அதே வருசம். அந்த விதிகளின்படி இந்த வழக்குகளை டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்யவேண்டும். தமிழ் சினிமாவுக்கு டி.எஸ்.பி. என்றால் உயிர். 1982இல் 'மூன்று முகம்' படத்து அலெக்ஸ் பாண்டியன் டி.எஸ்.பி. இரண்டாம் பாகத்தில் துரைசிங்கம் தூத்துக்குடிக்கே டி.எஸ்.பி. நிஜத்தில் அவர் மேசைமேல் என்ன ஃபைல் இருக்கவேண்டும்? நம்முடைய வன்கொடுமை வழக்குகள் இருக்கவேண்டும். நிலத்தகராறு, சுடுகாட்டுப் பாதை, காதல் திருமணம் என்று கட்டுக்கட்டாக இருக்கவேண்டும். நான் பார்த்த இந்த மாதிரி அடிதடிப் போலீஸ் படங்களில் ஒரு டி.எஸ்.பி.யும் அப்படி ஒரு ஃபைலைத் திறந்து நான் பார்க்கவில்லை. போதைமருந்து, ஆயுதக் கடத்தல், வெளிநாட்டு வில்லன். கப்பல்வரைக்கும் போய்ப் பிடிக்கிறவருக்கு அரை மைல் தள்ளியிருக்கிற டீக்கடை கண்ணுக்குத் தெரியவில்லை.

இன்னொரு பார்வையாளரையும் சொல்லவேண்டும். என் சித்தப்பா மகன். 'சாமி'யும் 'சிங்க'மும் பார்த்து மீசை வளர்த்து, விடியற்காலையில் குளத்தங்கரையில் ஓடிப் பழகி, இரண்டாம்நிலைக் காவலராகச் சேர்ந்தவன். நாங்கள் இயக்கத்து ஆட்கள் அவனைக் கேலி செய்ததுண்டு. அந்தக் கேலியில் எனக்கு இன்று சம்மதமில்லை. மேலத்தெரு வழியாகச் சைக்கிளில் உட்கார்ந்து போகமுடியாத ஊரில், காக்கியை மாட்டிக்கொண்டு புல்லட்டில் போனான் எங்கள் தம்பி. அவனுக்கு அதுதான் படம். அந்தச் சட்டைக்குள் என்ன நடக்கிறது என்று பின்னால்தான் சொன்னான். "ஸ்டேசன் வாசல்ல துப்பாக்கியோட பாரா ஒருத்தன் நிப்பான் பாருண்ணே. சிங்கம் உள்ள நுழையும்போது விறைப்பா ஒரு சல்யூட் அடிப்பான். அவன் மூஞ்சிய ஒரு தடவையாவது காட்டுதானா? அதுதாண்ணே நான்."

2018க்கு வருவோம். மே 22இல் ஸ்டெர்லைட்டை எதிர்த்து ஊர்வலம் போன சனங்கள்மேல் தூத்துக்குடியில் போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். நாலே மாதத்தில், செப்டம்பரில் 'சாமி ஸ்கொயர்' வந்தது. படம் ஓடவில்லை. படம் நன்றாக இல்லை, அதனால் ஓடவில்லை என்று சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் தூத்துக்குடியில் அந்தச் சமயத்தில் காக்கிச்சட்டைக்கு விசிலடிக்க எத்தனை பேருக்கு வாய் வந்திருக்கும் என்பதையும் யோசிக்கவேண்டும்.

2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த பென்னிக்சையும் அவருடைய தகப்பனார் ஜெயராஜையும் ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லிக் கொண்டுபோய், விடிய விடிய அடித்து, கோவில்பட்டி கிளைச்சிறைக்கு அனுப்பினார்கள். அடுத்தடுத்து இரண்டு பேரும் செத்தார்கள். தமிழ்நாடே கொந்தளித்தது. கடைகளை அடைத்தார்கள். அந்த ஸ்டேசனில் வேலைபார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர் மாஜிஸ்திரேட் முன்னால் துணிந்து சாட்சி சொன்னார். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அந்தச் சமயத்தில்தான் ஹரி ஒரு அறிக்கை விட்டார். காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுவதாகச் சொன்னார்.

அப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும். எடுத்தவர்களில் எத்தனை பேர் சொன்னார்கள்? அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் அந்த அறிக்கையைப் படித்துக்காட்டியபோது வந்த அபிப்பிராயங்களையும் பதிவு செய்யவேண்டும். 1995இல் கொடியங்குளத்து நிவாரண வேலைக்குப் போய்வந்த மூத்த தோழர் ஒருவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அப்பனும் மவனும் செத்ததுக்கு நானும்தாம்ப்பா அழுதேன். அது கொலை. ஆனா இந்த ஆளு மொத படம் எடுக்கதுக்கு எட்டு வருசம் முந்தியே கொடியங்குளம் நடந்தாச்சு. அவரு ஊருலேர்ந்து பஸ்ஸுல போற தூரம்தான். அப்ப வேதனப்பட்டிருந்தா அஞ்சு படத்துக்கும் வேலையே இல்லயே." என்னால் பதில் சொல்லமுடியவில்லை. வேதனை ஒரு சமூகத்துக்கு எப்போது வருகிறது, யார் செத்தால் வருகிறது என்பது தனியாக எழுதவேண்டிய வரலாறு.

போலீஸ் படத்தைத் திருப்பிப் போட்டு எடுத்தவர்களும் உண்டு. மு.சந்திரகுமாரின் 'லாக்கப்' நாவலை வைத்து வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை' 2016இல் தியேட்டருக்கு வந்தது. எங்கள் ஊர்ப் பையன்கள் பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். போரடித்தது என்றார்கள். போரடித்தவன் தம்மடிக்கப் போவான். இவர்கள் தியேட்டர் வாசலில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் நின்றார்கள். 2021இல் 'ஜெய் பீம்' வந்தது. துரைசிங்கமாக நடித்த அதே சூர்யா இதிலே போலீசை எதிர்த்து வாதாடும் வக்கீல். 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட ராசாக்கண்ணுவின் கதை. நிஜத்தில் அவர் குறவர், படத்தில் இருளர். குறவர் மக்கள் அதை ஆதங்கத்தோடு கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு யாரும் காது கொடுக்கவில்லை. எஸ்.ஐ. வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரில் என்ன படம் இருந்தது என்பதைப்பற்றித்தான் வாரக்கணக்கில் சண்டை போட்டார்கள். காலண்டரையும் மாற்றினார்கள். லாக்கப்பில் மிளகாய்ப்பொடி தூவியதைப்பற்றி யாரும் சண்டை போடவில்லை.

கடைசியாக, யாரும் போலீஸ் படம் என்று கணக்கில் சேர்க்காத ஒன்று. 1999 ஜூலை 23ஐப்பற்றி ஆர்.ஆர்.சீனிவாசன் எடுத்த ஆவணப்படம் 'நதியின் மரணம்'. அந்தத் தடியடியை அன்றைக்குக் கேமராவில் பிடித்த காட்சிகள் அதிலே இருக்கின்றன. சில வருசங்களுக்கு முன்னால் ஒரு நினைவு நாளில் எங்கள் மன்றத்துச் சுவரில் வேட்டி கட்டித் திரையிட்டோம். மாஞ்சோலையில் இலை பறித்து வயசான ஒரு அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆற்றுக்குள் ஓடுகிற காட்சி வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்க் கூட்டத்துக்குள் ஒரு சேலையைத் தொட்டுக் காட்டினார். "இது எங்க மதினி. இப்படித்தான் ஓடினா. இந்தப் பக்கம் நாந்தான் இருக்கணும், என்னக் காணோம்." அப்புறம் போடச் சொல்லி உட்கார்ந்தார். படம் முடிந்து எல்லோரும் பேசினார்கள். அவரிடம் நான் படம் எப்படி இருந்தது என்று கேட்டேன். அந்த இடத்தை இன்னொரு தடவை மெதுவாகப் போடமுடியுமா என்றார். போட்டோம்.