யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர்

ஆற்றங்கரைகளிலே நாகரிகங்கள் தோன்றி வளர்ந்தன என்பது வரலாற்று நூல்கள் கூறும் பொதுவிதி. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறொன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு அவ்விதிக்குப் புறநடையாகும். வலிகாமத்து வழுக்கையாறும் மாரியிற் பெருகிக் கோடையில் வறண்டுவிடும் ஓடையே. எனினும், நெருங்கிய குடிகளையும் செழித்த தோட்டங்களையும் இந்நிலம் நெடுங்காலமாகத் தாங்கி வந்துள்ளது. அதற்கு ஆதாரமாயிருந்தவை கிணறுகளே.

குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். வடகீழ்ப் பருவக்காற்று தரும் மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, கீழேயுள்ள கடல்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்நீர் நன்னீரினும் அடர்த்தி மிக்கதாதலே இதற்குக் காரணம். கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது, 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பிய அறிஞர் கைபனும் எர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கு. இக்கணக்கின் மறுபக்கம் அச்சந்தருவது: மேலே 1 அடி குறைந்தால் நாளடைவிற் கீழிருந்து 40 அடி உவர்நீர் ஏறும். புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழ்நீர் உவராகவும் இருத்தல் இவ்வுண்மைக்குக் கண்கூடான சான்றாகும்.

முன்னோர் இக்கணக்கை ஏட்டிற் கற்றவரல்லர். ஆயினும் அவர்தம் இறைப்பு முறை அதனை மீறாதிருந்தது. ஒருவர் துலாவின்மீது முன்னும் பின்னும் நடக்க, மற்றொருவர் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலில் ஊற்றினர். மனிதனுடைய உடல்வலியே இறைக்கும் நீருக்கு எல்லை வகுத்தது. 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவவே, உழவனின் களைப்பு நீங்கியது. அதனுடன் அவ்வெல்லையும் நீங்கியது.

எடுப்பது பெருகினால் இடுவதும் பெருகவேண்டும். இதனை உணர்ந்தவர் நீர்ப்பாசனப் பொறியியலறிஞர் எஸ். ஆறுமுகம். வன்னியிலிருந்து வரும் கனகராயன் ஆற்றின் நீர் ஆனையிறவுக் கடனீரேரியிற் சேர்ந்து வீணாவதைத் தடுத்து, அதனை முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடனீரேரிக்கும், பின்னர் உப்பாற்றுக்கும் கொண்டுசெல்லலாமென 1954 ஆம் ஆண்டில் அவர் திட்டமிட்டார். யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என அது வழங்கப்பட்டது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கடல்நீரைத் தடுக்கும் கதவணைகள் அமைந்தன. ஆயின் முழுத்திட்டமும் நிறைவேறவில்லை. பிற்காலத்துப் போர் பராமரிப்பையும் குலைத்தது.

அளவு குறைவது ஒரு கேடு. தன்மை கெடுவது அதனினும் பெருங்கேடு. சுண்ணாம்புக்கல் மழையை விரைந்து உள்வாங்குவது போலவே அழுக்கையும் உள்வாங்கும். செயற்கை உரங்களும் மலக்குழிகளும் விடுக்கும் நைத்திரேற்று, தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்திருத்தலை 1980 களிலிருந்து ஆய்வாளர் காட்டிவந்துள்ளனர். சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் அயற்கிணறுகளைக் கெடுத்தமை பற்றிய வழக்கில், 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் 2024 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. குடிநீர்த் தேவைக்கு அது துணையாகும். ஆயினும் தோட்டங்களெல்லாம் இன்றும் கிணற்றையே நம்பியுள்ளன.

ஓடும் ஆற்றிற் கலந்த மாசினை அடுத்த வெள்ளம் அள்ளிச் செல்லும். நிலத்தடி நீரோ அத்துணை விரைவில் தன்னைத் தூய்மை செய்துகொள்ளாது. ஆகவே, குளங்களைத் தூர்வாரி மழைநீரைத் தேக்குதலும், இறைப்பையும் உரத்தையும் அளவோடு கொள்ளுதலும், கழிவை நிலத்திற் சேரவிடாது காத்தலும் அரசுக்கு மட்டுமன்றி, கிணறுடைய ஒவ்வொரு குடிக்கும் உரிய கடமைகளாம். ஒரு வளவிற் கெட்ட நீர் வேலியைக் கேட்டு நிற்பதில்லை.