கொடி ஏறாத கப்பல்

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின வாரம் ஒரு புது வீட்டுக்குள் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? கொத்தனார் இருப்பார், ஆசாரி இருப்பார், வீட்டுக்காரரும் இருப்பார். ஜன்னல் தாழ்ப்பாள் சரியில்லை என்றால் யாரைக் கேட்பது என்பது மட்டும் தெரியாது.

போர்க்கப்பலுக்கும் இப்படி ஒரு பருவம் உண்டு. கட்டி முடிவதற்குள்ளேயே மாலுமிகளை அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு குழாயையும் திருகையும் அவர்கள் பழகிக்கொள்ள வேண்டுமல்லவா? ஆனால் கொடியேற்றிச் சேவையில் சேர்க்கும் நாள் வரையில் கப்பல் அவர்களுடையதல்ல, கட்டுகிறவர்களுடையது. வேலை இவர்களுக்கு, சொந்தம் அவர்களுக்கு.

அந்தப் பருவத்தில்தான் 'தீட்டிஸ்' என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் 1939 ஜூன் 1-ஆம் தேதி லிவர்பூல் விரிகுடாவில் முதல்முதலாக மூழ்கிப் பார்க்கப் புறப்பட்டது. கட்டியது பர்க்கன்ஹெட்டிலுள்ள கம்மல் லெயர்ட் கப்பல் தளம். மாலுமிகள் 53 பேர். ஏறியிருந்தவர்களோ 103 பேர்! தளத்துத் தொழிலாளர்கள், வேடிக்கை பார்க்க வந்த கடற்படை அதிகாரிகள், மத்தியான்னச் சாப்பாடு பரிமாற வந்தவர்கள்கூட இருந்தார்கள். மூழ்குவதற்கு முன் கூட வந்த இழுவைப் படகுக்கு மாறிக்கொள்ளலாம் என்றார்கள். யாரும் மாறவில்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு முன் எழுந்து போக யாருக்கு மனம் வரும்?

கப்பல் கனம் போதாமல் மூழ்க மறுத்தது. முன்பக்கத்து டார்பிடோ குழாய்களில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் போனார் லெப்டினன்ட் உட்ஸ். குழாயின் உள்கதவில் ஒரு சிறு சோதனைத் திருகு உண்டு. திறந்தால் தண்ணீர் வரவேண்டும். வராவிட்டால் குழாய் காலி. ஐந்தாம் குழாயில் தண்ணீர் வரவில்லை. கதவைத் திறந்தார். கடலே உள்ளே வந்துவிட்டது! குழாயின் வெளி மூடி திறந்தே இருந்திருக்கிறது. சோதனைத் துவாரத்தை எனாமல் பூச்சு அடைத்திருந்தது. அடுத்த அறையின் கதவைச் சாத்த ஓடினார்கள். அதன் திருகொன்று சிக்கிக்கொண்டது.

மூக்கு சுமார் 150 அடி ஆழத்தில் தரையில் குத்தி நின்றது. மறுநாள் காலை வால் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. மாலுமிகளுக்கு வேண்டிய காற்றை இரண்டு பங்கு ஜனங்கள் சுவாசித்ததால் கரியமில வாயு வேகமாகப் பெருகியது. உட்ஸ் உள்பட நால்வர் மட்டும் தப்பி மேலே வந்தார்கள். 99 பேர் மாண்டார்கள்.

பூச்சு யார் பூசியது, யார் பார்த்திருக்க வேண்டும்? மாண்டவர்களின் குடும்பத்தார் தொடுத்த வழக்கு பிரபுக்கள் சபை வரை போயிற்று. 1946-இல் எவர்மீதும் பொறுப்பில்லை என்று தீர்ந்தது. சட்டத்தில் அது சரியாகவே இருக்கலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. பிற்பாடு இத்தகைய கதவுகளில், கொஞ்சமாக மட்டுமே திறக்கவிட்டுத் தண்ணீரைக் காட்டிவிடும் ஒரு கொண்டியைப் பொருத்தினார்கள். அதற்குத் தீட்டிஸின் பெயரையே வைத்தார்கள்.

கப்பலைக் கரை சேர்த்த நாள் 1939 செப்டம்பர் 3. அன்றைக்குத்தான் பிரிட்டன் போர்ப் பிரகடனம் செய்தது. பழுது பார்த்து, 'தண்டர்போல்ட்' என்று பெயர் மாற்றி, 1940-இல் சேவையில் சேர்த்தார்கள். 1943 மார்ச்சில் ஸிஸிலிக்கு அருகில் அது எல்லோருடனும் மூழ்கிப்போயிற்று.

எனக்கு அந்த இரண்டாவது மாலுமிக் கூட்டத்தைப் பற்றித்தான் நினைப்பு ஓடுகிறது. கொடியேறும் முன்பு அவர்களும் வந்து, ஒவ்வொரு குழாயாகப் பழகிக்கொண்டிருப்பார்கள். ஐந்தாம் குழாயின் முன் வந்தபோது யார் முதலில் கை வைத்தானோ!