கடலோரத்தைக் கெடுத்த வீடு எது?

மழை கொட்டித் தென்சென்னை மூழ்கும்போதெல்லாம் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லும் வெள்ளத்தோடு சேர்ந்து வந்துவிடுகிறது. அந்தச் சொல் ஆற்றங்கரைக் குடிசையை நோக்கியே நீள்கிறது. சதுப்பு நிலத்தில் நிற்கும் பல மாடிக் குடியிருப்பின் மேல் அது விழுவது அபூர்வம். தோழர்களே, எந்த வகை வீடு நம் கடலோரத்தை எவ்வளவு கெடுத்தது என்பதை ஒருமுறை வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்வோம். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை கடலை ஒட்டி மணல்மேடு. அதற்கு மேற்கே பக்கிங்காம் கால்வாய். அதற்கும் மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். மணலில் இறங்கும் மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி உறிஞ்சினால் உப்பு மேலேறிவிடும். பள்ளிக்கரணையோ சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீரையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாய்க்கும், பிறகு கோவளம் முகத்துவாரத்துக்கும் அனுப்புகிறது. 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் இந்தச் சதுப்பில், 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது சுமார் 1,247 ஹெக்டேர். மீதியை விழுங்கியவற்றில் பெருங்குடிக் குப்பைமேடு உண்டு, சாலைகள் உண்டு, அரசு நிறுவனங்கள் உண்டு, அடுக்குமாடிகள் உண்டு.

இந்த நிலத்தில் காலவரிசைப்படி நான்கு வகை வீடுகள் வந்தன.

முதல் வகை, குப்பமும் சேரியும். சிறிய வீடுகள், நெருக்கமான தெரு, கூரைக்குத் தென்னையும் பனையும். வீட்டைச் சுற்றித் திறந்த மணல் இருந்ததால் மழைநீர் உள்ளே இறங்கியது. இதை நாம் கவிதையாக்க வேண்டியதில்லை. கழிப்பறை இல்லாத அவலமும் கூரை பற்றி எரியும் அச்சமும் அங்கே இருந்தன. ஆனால் ஒரு குடும்பம் எடுத்துக்கொண்ட நிலமும் நீரும் மிகக் குறைவு.

இரண்டாம் வகை, வாரியத்தின் பழைய அடுக்குமாடிகள். 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் குடிசை இருந்த அதே இடத்தில் மூன்று, நான்கு மாடிகளில் வீடு கட்டித் தருவதே அதன் வழி. கடற்கரையை ஒட்டிய குப்பங்களிலும் இப்படிக் கட்டினார்கள். அறைகள் சிறியவை, பராமரிப்பு மோசம். என்றாலும் புதிய நிலம் எதுவும் மூடப்படவில்லை. வேலைக்கு நடந்தே போனார்கள். நகரத்தின் பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் அருகிலேயே இருந்தன.

மூன்றாம் வகை, கிழக்குக் கடற்கரைச் சாலையின் பங்களாக்கள். 1990-களில் அந்தச் சாலை விரிந்ததும் சவுக்குத் தோப்புகள் மனைகளாயின. மணல்மேட்டைச் சமப்படுத்தி, உயரமான மதிலெழுப்பி, புல்தரைக்கும் நீச்சல்குளத்துக்கும் ஆழ்துளைக் கிணறு இறக்கினார்கள். கழிவுநீர் மணலுக்குள் புதைத்த தொட்டிக்குப் போனது. வார இறுதியில் நான்கு பேர் வந்துபோகும் வீட்டுக்கு ஒரு குப்பத்தின் தெரு அளவு நிலம். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், நால்வகையில் மணலுக்கும் நிலத்தடி நீருக்கும் அதிகச் சுமை இதுதான்.

நான்காம் வகைக்கு இரண்டு முகங்கள். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டித் தனியார் கோபுரங்கள். அதே பகுதியில், வாரியத்தின் மாபெரும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகள். கோபுரக்காரர்கள் மண்ணைக் கொட்டித் தங்கள் தரையை உயர்த்திக்கொண்டார்கள். அதனால் மழைநீர் பக்கத்துத் தாழ்ந்த தெருவுக்குப் போனது. குடிநீருக்கு லாரி, அந்த லாரிக்குச் சுற்றுக் கிராமங்களின் கிணறு.

மறுபக்கம், 2000-லிருந்து கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். செம்மஞ்சேரியில் 6,000-க்கும் மேல். பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குகளாக 20,000-க்கும் மேல். 2004 ஆழிப்பேரலையைக் காட்டிக் கடற்கரையிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் செம்மஞ்சேரிக்கு வந்தார்கள். 2015 வெள்ளத்தைக் காட்டிக் கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் பெரும்பாக்கத்துக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி தலித்துகள். வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லிக் கொண்டுவந்து இறக்கிய இடம், அதே 2015-இல் மூழ்கிய சதுப்பு. ஆழிப்பேரலை ஆபத்து குப்பத்துக்கு மட்டும் பொருந்தியது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் பங்களாக்கள் அங்கேயே இருக்கின்றன.

சூழல் கணக்கிலும் இது தோல்விதான். பெரும்பாக்கத்து வீட்டில் செலவாகும் நீரும் மின்சாரமும் சொற்பம். ஆனால் நகரின் நடுவில் வீட்டுவேலைக்கும் துப்புரவுப் பணிக்கும் போக இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம். சதுப்பின் மேல் கான்கிரீட், வண்டிப் புகை, இழந்த கூலி ஆகிய மூன்றும் அந்த வடிவமைப்பின் விலை. இவற்றில் கடைசியை எந்தச் சுற்றுச்சூழல் அறிக்கையும் எழுதுவதில்லை.

இது ஏன் இப்படி நடந்தது என்பதற்கு இன்னும் பின்னால் போக வேண்டும். ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில் என்பதுதான் நம் கிராமங்களின் பழைய நகரமைப்புத் திட்டம். 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், சேரி மக்களுக்கு நிலம் இல்லாததே அவர்கள் அடிமைநிலைக்கு வேர் என்று அறிக்கை எழுதினார். அதையொட்டி 1892-இல் பஞ்சமி நிலம் வந்தது. இந்த நிலம் பிறருக்குக் கைமாறக்கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. நூறாண்டு கழித்து, மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பறிபோன பஞ்சமி நிலத்தைக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தார்கள். இன்று மனை விற்பனை விளம்பரங்கள் குவியும் கடலோரம் அது. மேட்டு நிலம் நம் கையில் இருந்திருந்தால் பள்ளத்துக்கு யாரும் நம்மைத் துரத்தியிருக்க முடியாது.

சட்டமும் ஒரே பக்கம்தான் தளர்ந்தது. 1991 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தியது. 2019 அறிவிக்கையோ, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடலோரங்களில் கட்டுமானம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. மீனவர் வீட்டுக்காக என்று சொல்லப்பட்டாலும், கடலோர மனைக்கு விலையேறும்போது அங்கே யார் நிலைக்க முடியும் என்று நாம் கேட்டாக வேண்டும்.

நால்வகையையும் ஒப்பிட்டால் விடை தெளிவு. இருந்த இடத்திலேயே, வேலைக்கு அருகில், நெருக்கமாகக் கட்டிய மூன்று மாடி வீடுதான் நிலத்துக்கும் நீருக்கும் குறைந்த கேடு செய்தது. அதை நல்ல அறைகளோடும் கழிப்பறையோடும் செம்மைப்படுத்தியிருக்கலாம். அது கைவிடப்பட்டதற்குக் காரணம் பொறியியல் குறையல்ல. நகரத்தின் நடுவில் அந்த நிலத்துக்கு ஏறிய விலைதான் காரணம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். 2006 அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். உங்கள் பகுதியில் அப்படி ஒரு திட்டத்தின் கோப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். தலைக்கு எவ்வளவு நிலம், குடிநீர் யாருடைய கிணற்றிலிருந்து, மழைநீர் யார் தெருவுக்கு, முன்பு அங்கே இருந்தவர்கள் இப்போது எங்கே? இந்த நான்கு கேள்விகளைத் தனியார் கோபுரத்துக்கும் கேளுங்கள், வாரியத்தின் குடியிருப்புக்கும் கேளுங்கள். அடுத்த முறை ஒரு கரையைக் காலி செய்ய அதிகாரிகள் வரும்போது, அந்தப் பதில்கள் மக்கள் கையில் இருக்க வேண்டும்.