சீனிக் கொப்பரையும் நோர்பேர்ட் ரில்லியூவும்

இயந்திரம் மனிதனின் உழைப்புச் சுமையைக் குறைக்கும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெருநம்பிக்கைகளுள் ஒன்று. அந்நம்பிக்கையை ஆராய முற்படுவோர் ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களை நோக்குதல் வேண்டும்.

அங்கு கரும்புச்சாறு நெடுங்காலமாகத் திறந்த கொப்பரைகளிலேயே காய்ச்சப்பட்டது. பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாய் அமைந்த கொப்பரைகளின் கீழ் நெருப்பு எரியும். கொதிக்கும் சாற்றை நீண்ட அகப்பைகளால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு முகந்து ஊற்றியோர் அடிமைகள். அறுவடைக் காலத்தில் இவ்வேலை இரவுபகலாக நிகழ்ந்தது. உடல் வெந்தோர் பலர். விறகும் அளவின்றிச் செலவாயிற்று. சீனியோ கருகி நிறம் மங்கியது.

இந்நிலையை மாற்றிய நோர்பேர்ட் ரில்லியூ 1806இல் நியூ ஓர்லியன்ஸ் நகரிற் பிறந்தவர். தந்தை வெள்ளையர், தாய் அடிமையல்லாத கறுப்பினப் பெண். இவ்விருவர் மணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. ரில்லியூ பாரிஸ் சென்று பொறியியல் கற்று, இளவயதிலேயே அங்கு ஆசிரியருமானார்.

அமுக்கம் குறையுமிடத்து நீரின் கொதிநிலையும் குறையும். இவ்வுண்மையைக் கொண்டு ரில்லியூ மூடிய கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தார். முதற் கலத்தில் எழும் ஆவி வீணாகாது அடுத்த கலத்தைச் சூடாக்கும். அங்கு அமுக்கம் தாழ்ந்திருத்தலாற் குறைந்த வெப்பத்திலேயே சாறு கொதிக்கும். ஒருமுறை மூட்டிய தீ பலமுறை பயன்பட்டது. சீனி கருகவில்லை, அகப்பைக்கும் வேலையில்லை. 1843இலும் 1846இலும் இதற்கு அவர் ஆக்கவுரிமை பெற்றார்.

ஆயின், அகப்பை ஏந்திய கைகள் விடுதலை பெற்றனவா? கொப்பரையின் அபாயம் நீங்கியதேயன்றி அடிமைத்தளை நீங்கவில்லை. பொறியை வாங்கியோர் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த முதலாளிகள். மிஞ்சிய விறகும் உயர்ந்த விலையும் அவர்களுக்கே இலாபமாயின. 1793இல் தோன்றிய பருத்திக்கொட்டை நீக்கும் பொறி அடிமைமுறையை விரிவுபடுத்தியமை பலரும் அறிந்தது. ரில்லியூவின் பொறியையும் அதனருகில் வைத்தே நோக்கல் தகும். இதற்காக அவரைக் குறைகூறுதல் நியாயமாகாது. அவரது அறிவை விலைகொடுத்து வாங்கிய சமூகம் அவரைச் சமமானவராக ஏற்கவில்லை என்பதையும் மறத்தலாகாது.

1850களில் அடிமையல்லாத கறுப்பினத்தவர்மீதும் லூசியானாச் சட்டங்கள் இறுகின. ரில்லியூ மீண்டும் பிரான்ஸ் சென்றார். சில காலம் சீனியை மறந்து எகிப்தியச் சித்திர எழுத்துகளை ஆராய்ந்தார். லூசியானாவில் அடிமைமுறை முற்றாக ஒழிந்தது உள்நாட்டுப் போரின் பின்னரே. முதுமையில் பீற்றுக்கிழங்குச் சீனி உற்பத்தியை நோக்கித் திரும்பிய ரில்லியூ 1894இல் பாரிஸில் மறைந்தார். சீனி ஆலைகளிலும், பாலைச் சுண்டவைக்கும் தொழிற்சாலைகளிலும், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களிலும் அவர் கண்ட முறை இன்றும் வழங்குகின்றது.