மன்னார்த் தொகுதியின் முதல் அமைச்சர்

சுதந்திர இலங்கையின் தொடக்ககால அரசியலை ஆராய்வோர்க்குக் கதிரவேலு சிற்றம்பலம் (1898–1964) அவர்களின் வாழ்வு நோக்கற்பாலது. சிவில் சேவையிற் பணியாற்றிய அவர், 1947 இல் மன்னார்த் தொகுதியிற் சுயேச்சையாக வென்று, டி. எஸ். சேனநாயக்காவின் மந்திரிசபையில் தபால், தந்தித் துறை அமைச்சரானார். ஆட்சியினுள் நின்றே தமிழர் நலம் பேணலாம் என்பது அக்கால இணக்க அரசியலின் கொள்கை.

அக்கொள்கைக்குரிய சோதனை 1948 இல் வந்துற்றது. இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. அவர்தம் முன்னோர் மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்கள். 1914 முதல் தலைமன்னார்த் துறையிற் கப்பலிறங்கிப் புகைவண்டி ஏறியவர்கள். அக்கரையின் பிரதிநிதியோ அச்சட்டத்தைக் கொணர்ந்த மந்திரிசபையிலேயே வீற்றிருந்தார். இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் மசோதா எழுந்தபோது, வவுனியாப் பிரதிநிதி செல்லப்பா சுந்தரலிங்கம் அமைச்சுப் பதவியை விட்டு நீங்கினார், சிற்றம்பலம் நீங்கிலர்.

உள்ளிருந்து தடுத்தல் இயலும் என்ற நம்பிக்கை நாளடைவில் தளர்ந்தது. 1956 இல் மன்னார் மக்கள் தமிழரசுக் கட்சியின் வி. ஏ. அழகக்கோனைத் தெரிந்தெடுத்தனர். ஒருவர் வகித்த பதவியின் பயனை அளக்குங்கால், அதனாற் பெற்றவற்றோடு, அதிலிருந்தும் தடுக்க இயலாது போனவற்றையும் எண்ணுதல் வரலாற்று மாணவர் கடனாகும்.